ஓடைக்கரை மரியாதையும் ஒரு கெண்டை மீனும்

தொடங்குவதற்கு முன் படிக்கிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். சொத்துப் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் இருபது வருடமாக நகல் எழுதுகிறேன். 'கிழக்கே இன்னார் தோப்பு, மேற்கே நடைவழி, வடக்கே கால்வாய்' என்று அடுத்தவர் சொத்தை எழுதித்தான் என் கைக்குப் பழக்கம். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் அதற்கு நான்கெல்லை எங்கே என்று கை தேடுகிறது. காப்பிக்கடையில் ஒருநாள், ஓடைக்கரையில் எனக்கு நடந்த ஒரு விஷயத்தை வாய்தவறி ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் வருடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு மலர் அச்சிடுகிறவர். எழுதித் தாரும் என்று பிடித்துக்கொண்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி வாய் வராமல் போனதால் என் வாழ்க்கையில் நடந்த காரியங்கள் அநேகம். நான் எழுதப்போவதும் அதில் ஒன்றைப் பற்றித்தான்.

எங்கள் ஊருக்குத் தெற்கே பழையாற்றிலிருந்து பிரிந்து வயல்களுக்குப் போகும் ஓடை ஒன்று உண்டு. அகலம் அதிகமில்லை. இந்தக் கரையில் இருப்பவர் வெற்றிலை கேட்டால் அந்தக் கரையில் இருப்பவர் மடித்து எறிந்துவிடலாம். ஆழம் இடுப்பளவு. மாசியில் அறுப்பு முடிந்து வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாமல் போகும் நாட்களில் ஓடை தெளிந்து, அவசரமில்லாமல் நகரும். கெண்டையும் கெளுத்தியும் தாழைவேருக்கு அடியில் வந்து நிற்கும். அதுதான் தூண்டில்காரர்களின் காலம். ஆனி, ஆடியில் யாரும் வரமாட்டார்கள். ஆரல்வாய்மொழிக் காற்று வந்து தக்கையை ஆட்டிக்கொண்டே இருக்கும். மீன் ஆட்டுகிறதா காற்று ஆட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சமாக இருக்கும்.

மேற்குக் கரையில் ஆள் உட்கார ஏழு இடம் உண்டு. ஐந்தாறு பேர் வழக்கமாக வருவோம். மீன் பிடிக்கத் தெரியாதவனைக்கூட அந்த ஓடை பொறுத்துக்கொள்ளும். மரியாதை தெரியாதவனைப் பொறுக்காது. அந்த மரியாதைகளை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதுவதே தொழிலாகக் கொண்ட எனக்கும் அது தோன்றியதில்லை.

காலையில் கிழக்குக் கரையில் உட்காரக் கூடாது. முதுகில் வெயில் பட்டு நம் நிழல் தண்ணீரில் விழும், மீன் ஓடிவிடும். வருகிறவர் பின்பக்கமாக வந்து ஒரு தடவை இருமவேண்டும். இரண்டு தடவை இருமினால் சளி என்று எடுத்துக்கொள்வோம். உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குழையை, அதாவது இலையுள்ள சின்னக் கொப்பை, ஒடித்து மண்ணில் குத்தவேண்டும். குழை வாடும்வரை அந்த இடம் அவருக்குச் சொந்தம். அவர் பல் துலக்கப் போனாலும் சரி, வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டு வந்தாலும் சரி. குழையைப் பிடுங்கினால் 'நீ எழுந்து போ' என்று அர்த்தம். என் காலத்தில் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை, நான் இங்கே சொல்லப்போகிற ஒருவரைத் தவிர.

'எத்தனை மீன் கிடைத்தது' என்று கேட்கக் கூடாது. அது ஒருவருடைய மடியில் கைவிட்டுப் பார்ப்பது மாதிரி. 'தண்ணி எப்படி?' என்று கேட்கலாம். அதற்கு 'கெடக்கு' என்று பதில். பெட்டி நிறைய மீன் இருந்தாலும் 'கெடக்கு'தான், காலையிலிருந்து ஒரு நண்டுகூடக் கடிக்காவிட்டாலும் 'கெடக்கு'தான்.

வீட்டுக் காரியம், ஊர்க் காரியம் எதுவும் கரையில் பேசக் கூடாது. இதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களில் இருவருக்கு ஒரு வரப்புக்காகக் கோர்ட்டில் வழக்கு நடந்தது. இரண்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஆனால் ஓடையில் அடுத்தடுத்த இடத்தில் உட்காருவார்கள். ஒருவர் தூண்டிலில் பெரிய மீன் கொத்தினால் மற்றவர் தன் நூலைச் சிக்காமல் தூக்கிக்கொள்வார். வாய்தா நாளில் இரண்டு பேரும் ஒன்பது மணிக்கு நூலைச் சுருட்டிக்கொண்டு, முன்னும் பின்னுமாக நாகர்கோவிலுக்கு நடப்பார்கள். கரையில் வாயைத் திறந்தால் அந்த வரப்பு அங்கேயும் வந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம்.

கடைசியாக ஒன்று. அடுத்தவர் பெட்டியில் நம் மீனைப் போடக் கூடாது. 'உனக்குப் பிடிக்கத் துப்பில்லை, இந்தா வைத்துக்கொள்' என்கிற கேலி அது. அப்படி யாராவது போட்டுவிட்டால், வாய் பேசாமல், உடனே, ஓர் இலையில் வைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தால் 'நீர் செய்த கேலியை நான் மனதில் வைக்கவில்லை' என்று பொருள். ரொம்பப் பெருந்தன்மையான காரியம் அது.

பேசாமல் இருப்பதே மரியாதை என்று ஓர் இடம் இந்த உலகத்தில் இருந்ததால் நான் அங்கே தினமும் போனேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதற்குள் இரண்டு இடத்தில் எனக்குப் பெண் பார்த்து இரண்டும் தட்டிப் போயிருந்தன. முதல் வீட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். நான் பதிலைத் தயார் செய்வதற்குள் என் தாய்மாமா சொல்லிவிட்டார். என்ன சம்பளம் என்றார்கள், அதையும் மாமாவே சொன்னார். பேர் என்ன என்றபோதும் மாமாதான் சொன்னார். பிறகு அந்த வீட்டிலிருந்து 'பையனுக்குப் பேச்சு உண்டா' என்று ஆள்விட்டுக் கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் கேட்கவேயில்லை. அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாவது பெண் மேற்கே இரணியல் பக்கம். அந்தப் பெண்ணை நான் ஒருதடவை பார்த்திருந்தேன். பத்மநாபபுரத்தில் ஓர் உறவுக்காரர் கட்டிய புது வீட்டில் பால்காய்ச்சு. செம்பில் மோர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே போனாள். எனக்கு ஊற்றிவிட்டு நின்றாள். போதும் என்று சொல்லத் தெரியாமல் குடித்தேன். மறுபடி ஊற்றினாள். மறுபடி குடித்தேன். ஐந்தாவது தம்ளரில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்று முழுதும் என் வயிற்றில் ஓடைச் சத்தம் கேட்டது. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப் போயிற்று. அதை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வந்து உட்கார்ந்தார்.

"ஏலே, பொண்ணுக்கத் தகப்பனாரு வந்திருக்காரு. பக்கத்து ஊருலே தங்கச்சி வீடுல்லா, அங்க நாலு நாளு இருப்பாரு. அவருக்கும் தூண்டி போடுக கிறுக்கு உண்டாம். நாளைக்கு உங்க ஓடைக்கு வாறாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"எதுக்கு வாறாருன்னு தெரியுமில்லா? மீனப் பாக்க இல்ல, உன்னப் பாக்க. வீட்டுல வச்சுப் பாத்தா நீ தூணுக்கு மறவுல போயி நிப்பே. ஓடையிலேன்னா ஒளிய எடமில்ல. நல்லா நடந்துக்க. இதுவும் போச்சுன்னா இனி நான் யாரு வீட்டுப் படியும் ஏறமாட்டேன். கேட்டியா?"

கேட்டேன். ஓடையில் எப்படி நடந்துகொள்வது என்று எனக்கா தெரியாது? அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, தோளில் இரண்டாள் நீளத்துக்கு மூங்கில் கம்பு. இருமவில்லை. தூரத்திலிருந்தே, வயல்வெளி முழுதும் கேட்கும்படி, "எத்தன கிட்டிச்சு மக்கா?" என்றார்.

ஓடையில் ஆறு தக்கையும் ஒருதடவை ஆடின. மீன் கடித்து அல்ல. பிடித்திருந்த கைகள் ஆடின.

எனக்குப் பக்கத்து இடத்தில் கோட்டாற்றில் துணிக்கடை வைத்திருந்த சாயிபு இருந்தார். காலைத் தொழுகை முடிந்ததும் நேராக ஓடைக்கு வந்துவிடுகிறவர். நாங்கள் அவரை முதலாளி என்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் என்னைத்தான் கேட்டார் என்பதால் நான்தான் பதில் சொல்லவேண்டும். மரியாதையாகச் சொன்னேன்:

"கெடக்கு."

"என்னது கெடக்கு?"

இதற்கு மேல் பதில் வழக்கத்தில் இல்லை. நான் தக்கையைப் பார்த்தேன். அவர் எனக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். குழை குத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாமா சுகமா?" என்றார். வீட்டுக் காரியம்! நான் வாயில் விரல் வைக்காத குறையாகத் தண்ணீரைப் பார்த்தேன். "அம்மைக்கு மேலு நல்லா இருக்கா?" என்றார். வழக்குக்காரர் இருவரும் சேர்ந்தாற்போலத் தொண்டையைக் கனைத்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அதில் ஆமாமும் இருந்தது, வேண்டாமும் இருந்தது.

"மிண்டமாட்டியா நீ?" என்றார் அவர். மேற்கே பேசுவதற்கு மிண்டுவது என்று சொல்வார்கள். நான் மிண்டவில்லை.

எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அவரை எப்படி அழைப்பது? மாமா என்றால் பெண்ணை நானே நிச்சயம் செய்துகொண்ட மாதிரி ஆகும். அண்ணாச்சி என்றால் பெண் எனக்கு மகள் முறையாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடி முடிப்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரை உபசரிக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். என்னுடையது மூன்றாவது இடம். தாழைவேருக்கு நேர் எதிரே, கெண்டைக்குப் பேர்போனது. இருட்டோடு போய்க் குழை குத்தி வைத்துவிட்டு, அவர் வந்ததும் அந்த இடத்தைக் கையால் காட்டிக் கொடுப்பதாகத் திட்டம். இரை தோண்ட வாழைத்தோட்டத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். என் குழை அவர் கையில் இருக்கிறது. அதைக்கொண்டு முகத்தில் மொய்க்கும் ஈயை விரட்டிக்கொண்டிருந்தார்.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. குழையைப் பிடுங்கியாயிற்று. எழுந்து போ என்று சொல்லியாயிற்று. மரியாதை தெரிந்தவன் அதற்குமேல் அங்கே நிற்கமாட்டான். நான் அவர் பக்கம் திரும்பாமல் நேராக ஏழாவது இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே நண்டு தவிர வேறு எதுவும் கடிக்காது. அவர் குழையைக் காற்றில் ஆட்டியபடியே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் கோபமில்லை என்று காட்டுவதற்காகத் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தோன்றும் என்று நான் யோசிக்கவில்லை.

புதன்கிழமை நடந்ததுதான் பெரிய காரியம். அவர் நாலாவது இடத்தில், நான் மூன்றாவதில். உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அவருக்கு ஒரு கெண்டை கிடைத்தது. உள்ளங்கை அகலம், வெள்ளிக்காசு போல மின்னிற்று. அதை முள்ளிலிருந்து கழற்றி, எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க என் ஓலைப்பெட்டியில் போட்டார். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

 வழக்குக்காரர் இருவரும் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளியின் தக்கை தண்ணீருக்குள் போய்விட்டது; அவர் இழுக்கவில்லை. மீன் இரையைத் தின்றுவிட்டுப் போயிற்று.

நான் என்ன செய்தேன் என்றால், நன்றாக நடந்துகொண்டேன். கோபப்படவில்லை. எழுந்துபோய் வாழையில் ஒரு தளிரிலை பார்த்து அறுத்தேன். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். மீனை அதில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், அவர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இந்த ஓடையில் இதைவிட அழகாக ஒருவரும் மீனைத் திருப்பிக் கொடுத்திருக்கமாட்டார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் மீசை துடித்தது. நூலைச் சுருட்டினார். இலையையும் மீனையும் அப்படியே விட்டுவிட்டு வரப்பேறிப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு முதலாளியும் நானும் சேர்ந்து நடந்தோம். ஓடையைத் தாண்டி, வயலைத் தாண்டி, ரோட்டில் பாலம் வரும்வரை அவர் பேசவில்லை. பாலத்தில் கால் வைத்ததும் நின்றார்.

"மக்கா, உனக்கு அந்தப் பொண்ணு வேண்டாமா?"

"ஏன் முதலாளி?"

"மேற்கே மொத மீனு பக்கத்துல இருக்கப்பட்டவனுக்குள்ளது. நான் வாரா வாரம் குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் துணி கொண்டுபோறவன்லா, எத்தன தடவ பாத்திருக்கேன். ஒறவாயிருக்க இஷ்டம்னா வாங்கிக்கிடணும். பொறவு உனக்கு மொத மீனு கிட்டும்போ அவருக்குக் குடுக்கணும். அங்க எத்தன கிட்டிச்சுன்னு கேக்கல்லன்னா வருத்தப்படுவானுவ. நீ மீனத் திருப்பி வச்சியே, அதுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? உன் ஒறவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு. அதுவும் நீ எப்படி வச்சே! எலையிலே! ரெண்டு கையாலே! சவத்துக்கு வாய்க்கரிசி போடுக மாதிரி!"



"இத திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாமே முதலாளி?"

"நல்லா இருக்கே! ஓடக்கரையிலே வச்சா வீட்டுக் காரியம் பேசுகது?" என்று அவர் என்னைக் கடிந்துகொண்டார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில் மாமா எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். பக்கத்து ஊரிலிருந்து செய்தி வந்துவிட்டது.

"பொண்ணு வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லப்பிடாதா? மீனத் திருப்பிக் குடுத்தியாமே! அவரப் பாத்ததும் தூரப் போயி இருந்தியாமே! மனுசன் மூணு நாளா உங்கிட்ட ஒரு வார்த்தை வாங்கப் பாத்திருக்காரு. அவருக்குக் கெடச்ச ஒரே வார்த்தை 'கெடக்கு'! என்னடே கெடக்கு?"

நான் விளக்கத் தொடங்கினேன். குழை, நிழல், இருமல் என்று ஆரம்பித்தேன். மாமாவுக்குத் தூண்டிலும் தெரியாது, பொறுமையும் கிடையாது. "நாளைக்குப் பத்துமணி பஸ்ஸிலே அவரு ஊருக்குப் போறாரு. நான் போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசட்டும்? உனக்கு வேணும்னா நீ போ" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உனக்கு வேணும்னா. அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். எனக்கு வேண்டும். அது நிச்சயமாகத் தெரிந்தது. அதைச் சொல்ல வாய் வராது என்பதும் அதே அளவு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்லாமல் செய்யக்கூடிய வழி ஒன்றுதான் இருந்தது. மேற்கத்தி வழக்கப்படி நான் என் முதல் மீனைப் பிடித்து அவருக்குக் கொடுப்பது.

வியாழக்கிழமை போனேன். அவர் வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. தூண்டில் கிறுக்கு யாரை விட்டது? வந்தார். ஆனால் எங்கள் பக்கம் வரவில்லை. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் கிழக்குக் கரையில் போய் உட்கார்ந்தார், முதுகில் வெயில் விழ, அவர் நிழலும் மீசையின் நிழலும் ஓடையில் நீளமாக விழ. எங்கள் கரையில் ஐந்து பேரும் பெருமூச்சு விட்டார்கள்.

"இண்ணைக்கு மீனு வந்த மாதிரிதான்" என்றார் முதலாளி, தண்ணீரைப் பார்த்துச் சொல்வதுபோல.

வரத்தான் இல்லை. மண்புழு போட்டேன். சிவப்பெறும்பு முட்டை போட்டேன். சோற்றை உருட்டிப் போட்டேன். தக்கை சாமி படத்துக்கு முன்னால் வைத்த விளக்குத் திரி மாதிரி அசையாமல் நின்றது. என் ஆயுளில் மீன் கடிக்கவேண்டும் என்று அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை. எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. எதிர்க்கரையில் அவர் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு நூலைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அப்போது கடித்தது. தூக்கினேன். என் சுண்டுவிரலை விடச் சின்னதாக ஒரு கெண்டைக்குஞ்சு. எப்படி அது அந்த முள்ளை வாயில் கொண்டது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. வேறு நாளாக இருந்தால் யாரும் பார்ப்பதற்குள் தண்ணீரில் விட்டிருப்பேன். அவர் கம்பைத் தோளில் வைத்து எழுந்துவிட்டார். பாலம் வழியாகச் சுற்றிப் போனால் அரை மைல். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருப்பார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீனைக் கைக்குள் பொத்திக்கொண்டு, ஓடையில் இறங்கினேன்.

எங்கள் ஓடையில் மேலிருந்து கீழ்வரை எழுதாத சட்டம் எத்தனை உண்டோ அத்தனையையும் நாலு எட்டில் மீறினேன். அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி மாதிரி ஆயிற்று. வழக்குக்காரர் ஒருவருடைய நூல் என் காலில் சுற்றிக்கொண்டது. அதையும் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏலே! கிறுக்குப் பிடிச்சுப் போச்சா? தண்ணியக் கலக்காதடே!" என்று ஒரு குரல்.

"எனக்க முள்ளு! எனக்க முள்ளுடே!" என்று இன்னொரு குரல்.

"விடும், விடும். அவன் போட்டும்" என்றார் முதலாளி.

நடுவில் ஒரு பள்ளம். நெஞ்சுவரை நனைந்தேன். எதிர்க்கரை ஏறும்போது ஒருதடவை வழுக்கினேன்; மீன் இருந்த கையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் போய் அவர் பெட்டியைத் திறந்து, என் மீனை உள்ளே போட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். பெட்டிக்குள் அது எங்கே விழுந்தது என்று தேடவேண்டியிருந்தது.

"இது என்னது?"

"மொத மீனு" என்றேன். பிறகு, "மாமா" என்றேன்.

அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததை நான் சொன்னேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை. எங்கள் பக்கம் வழக்கம் வேறு என்றேன். திருப்பிக் கொடுத்தது உறவை முறிக்க அல்ல, கோபமில்லை என்று காட்டத்தான் என்றேன். எத்தனை மீன் என்று கேட்டால் எங்கள் ஊரில் தப்பு, வீட்டுக் காரியம் பேசினால் தப்பு, குழையைப் பிடுங்கினால் எழுந்து போகச் சொல்வது என்றேன். அம்மா சுகமாக இருக்கிறாள் என்றேன். மாமாவும் சுகம் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து சேர்ந்திருந்த பதில் அத்தனையையும் ஒன்றுவிடாமல் கொடுத்துவிட்டேன்.

அவர் முகம் மெல்ல மாறிக்கொண்டே வந்தது.

"நில்லு, நில்லு. கொழையப் பிடுங்குனா எழுந்து போன்னு அர்த்தமா?"

"ஆமா."

"அதையா நான் பிடுங்கி ஈய வெரட்டிக்கிட்டிருந்தேன்?"

"ஆமா."

"அப்போ இவிய எல்லாரும் என்னய மூணு நாளா மொறச்சது?"

 அவருடைய நிழலைக் காட்டினேன். அது ஓடையின் பாதி அகலத்துக்கு விழுந்திருந்தது. அதற்கும் விளக்கம் சொன்னேன். அவர் அவசரமாகப் பக்கத்தில் நகர்ந்தார். நிழலும் கூடவே நகர்ந்தது. பிறகு குனிந்தே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மீசையுள்ள ஒருவருக்கு வெட்கம் வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெட்கம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியுமாதலால் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எதிர்க்கரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "எல்லாரும் பொறுக்கணும்! எனக்குத் தெரியாமப் போச்சு!" என்று அந்தப் பெரிய குரலில் கத்தினார்.

"இன்னும் சத்தமாச் சொல்லும்! பயந்து ஓடுகதுக்கு மீனு ஒண்ணும் பாக்கி இல்ல!" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். முள்ளை இழந்த வழக்குக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்திலிருந்த எதிர்க்கட்சிக்காரர் தன் மடியிலிருந்து ஒரு முள்ளை எடுத்து, அவரைப் பார்க்காமல், நடுவில் தரையில் வைத்தார்.

பெண்ணின் தகப்பனார் பெட்டிக்குள் விரலை விட்டு என் மீனைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்க ஊருல இத முள்ளுல எரையாட்டுக் கோத்து வெரால் பிடிப்பாவ."

"பெருசு கெடைக்கல்ல" என்றேன்.

"செரி, அது போட்டும். எல்லாத்தையும் மிண்டின, ஒண்ண மாத்திரம் மிண்டல்ல. எம் மகள உனக்கு வேணுமா, வேண்டாமா?"

 எதிர்க்கரையில் ஐந்து பேரும் தக்கையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். கலங்கிய தண்ணீரில் பார்ப்பதற்குத் தக்கை எதுவும் இல்லை. எல்லோருடைய நூலும் கரையில்தான் கிடந்தது.

"வேணும்" என்றேன்.

"கேக்கல்ல."

"வேணும்!"

வரப்புக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு அந்தக் குஞ்சை மட்டும் தனியாக ஒரு பூவரச இலையில் பொதிந்து மடியில் செருகிக்கொண்டார். "நேரம் ஆச்சு, பஸ்ஸு போயிரும். உன் மாமாவ வரச்சொல்லு" என்று சொல்லிவிட்டு, நிழல் தண்ணீரில் விழாமல் வயல்பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்துபோனார். நான் ஈர வேட்டியோடு பாலம் சுற்றி எங்கள் கரைக்கு வந்தேன். அன்றைக்குத் தண்ணீரைக் கலக்கினதற்காக, அந்த மாசம் முடியும்வரை எனக்கு ஏழாவது இடம்தான் என்று எல்லோருமாகத் தீர்ப்பு சொன்னார்கள். நான் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா காலை பஸ்ஸில் என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு இரணியலுக்குப் போனார். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, கல்யாணத்துக்கு நாளும் குறித்துக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்.